தோட்டத்துக் கிரவல் ரோட்டில் சைக்கிள்

வணக்கம் நேயர்களே.

கிரவல் என்றால் என்ன என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், தார் இல்லாத ரோட்டில் பரப்புகிற சல்லி கலந்த மண்தான் அது. "எங்க டிவிஷனுக்கு இந்த வருஷமாவது கிரவல் போடுவாங்களா?" என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதே கிரவல் இன்று ஒரு சைக்கிள் விளையாட்டின் பெயராகவும் ஆகிவிட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006 இல் சிலர் சேர்ந்து 200 மைல் தூரத்துக்கு மண் ரோட்டிலேயே ஒரு போட்டி வைத்தார்கள். இப்போது அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். 2022 இல் இத்தாலியில் கிரவல் சைக்கிளுக்கென்றே முதல் உலக சாம்பியன் போட்டியும் நடந்தது. கடலோரம், ஆற்றோரம், காடு என்று எங்கே தார் போடாத ரோடு இருக்கிறது என்று தேடிப்பிடித்து ஓட்டுகிறார்கள்.

நமக்குத் தேட வேண்டிய வேலை இல்லை. கண்டியிலிருந்து பதுளை வரை தேயிலைக்குள் ஓடுகிற ரோடுகளைக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்கிற பிரிவுகள், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை, கொழுந்து நிறுக்கிற மடுவம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் எல்லாவற்றையும் இணைத்து ஒரு ரோடு உண்டு. அதை ஏன் சைக்கிளுக்கு ஏற்ற ரோடு என்கிறேன் என்றால், அதை வெட்டிய காலத்தில் அது மோட்டார் வண்டிக்காக வெட்டப்படவில்லை. கோப்பிக் காலத்திலும், 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதற்குப் பிறகும் பல ஆண்டுகள், சாமான் ஏற்றியது மாட்டுவண்டிதான். சுமையோடு மாடு ஏற வேண்டும். அதனால் மலையை நேராக ஏறாமல், இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல வளைத்து வளைத்து ரோடு போட்டார்கள். மாடு மூச்சு வாங்காமல் ஏறுகிற ஏற்றத்தில் சைக்கிளும் ஏறும். தார் ரோட்டில் திணறுகிற கால், பழைய வண்டி ரோட்டில் ஒரு சீராக மிதிக்கும். நான் இதைப் பல தடவை அனுபவித்திருக்கிறேன்.

வெட்டியது யார் என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள். வழியில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள். அலவாங்கும் மண்வெட்டியும்தான் அவர்களுக்குக் கருவி. ரோட்டோரத்தில் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்கட்டு இன்னும் பல இடங்களில் அசையாமல் நிற்கிறது. ஓட்டும்போது ஒரு தரம் இறங்கி அதைத் தொட்டுப் பாருங்கள். ஒரு கல்லை எடுத்து இன்னொன்றில் பொருத்திய கை தெரியும்.

சரி, எங்கே ஓட்டலாம்? எனக்கு மிகவும் பிடித்தது ஊவாப் பக்கம். ஒஹியா ஸ்டேஷனில் இறங்கி உடவேரிய தோட்டத்துக்குள் போனால், பேய்ப்படிக்கட்டு என்று பெயர் வாங்கிய ரோடு தெற்கே இறங்குகிறது. ஜீப்பே தயங்கித் தயங்கிப் போகும் ரோடு. கீழே நாட்டின் மிக உயரமான நீர்வீழ்ச்சி, 263 மீட்டர் விழுகிற பம்பரகந்த. அதையும் தாண்டிக் கலுபஹனவில் பெரிய ரோட்டைப் பிடிக்கலாம். மற்ற ரோடுகளுக்குச் சொன்ன மாட்டுவண்டிக் கணக்கு இங்கே செல்லாது. பழக்கமில்லாதவர்கள் பல இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விழுந்தால் தூக்கிப்போக அங்கே ஆள் இல்லை.

முதல் தடவை போகிறவர்களுக்கு அப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன. பஸ் போகிற ரோடுதான். 1890 இல் கட்டிய தேயிலை ஸ்டோர் வரை போய், அங்கிருந்து லிப்டன் சீட் என்கிற காட்சிமுனைக்கு ஏழு கிலோமீட்டர் ஏறினால் 1,970 மீட்டர் உயரம். விடியற்காலையில் ஏறுங்கள். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி வந்து கதவைச் சாத்திவிடும். பனி வருவதற்கு முன் தெற்கே பார்த்தால் மலை சட்டென்று முடிந்து சமவெளி விரிகிறது. வானம் நன்றாகத் தெளிந்த நாளில் அதற்கும் அப்பால் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், கடல்.

மேற்குப் பக்கம் என்றால் நோர்வூட், மஸ்கெலியா. காசல்ரீ, மவுசாகலை இரண்டு நீர்த்தேக்கங்களையும் ஒட்டித் தோட்ட ரோடுகள் போகின்றன. மவுசாகலைக்கு அடியில் பழைய மஸ்கெலியா டவுன் கிடக்கிறது. வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது கோயிலின் கல் வெளியே தெரியும். அந்த நேரத்தில் போனால் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காராமல் வர முடியாது.

எப்போது போவது? இதற்குக் கொழுந்துதான் காலண்டர். ஊவாவில் ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும், வெயில் காயும், தேயிலைக்கு வாசம் ஏறும். ரோடும் காய்ந்திருக்கும். அட்டன், தலவாக்கலைப் பக்கம் தை முதல் பங்குனி வரை அப்படி. ஆக, எந்தப் பக்கத்துத் தேயிலை எப்போது நல்ல விலைக்குப் போகிறதோ, அந்தப் பக்கத்தில் அப்போது சைக்கிள் ஓட்டலாம். மழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று. மஞ்சள் என்றாலே வீட்டில் இருந்துவிடுங்கள். மழை விட்டாலும், ரோடு திறந்திருக்கிறதா என்று அந்த ஊரில் கேட்காமல் போகாதீர்கள்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வெளிநாட்டுக் கிரவல் சைக்கிள் நம்மில் பலருக்கு எட்டாத விலை. அது வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழைய மவுண்டன் சைக்கிள் ஒன்று போதும். டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், காற்றைக் கல்லுப்போல அடிக்க வேண்டாம். முக்கியமானது பிரேக். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். ஈர மணலில் பிரேக் கட்டை ஒரே நாளில் தேய்ந்துபோவதும் உண்டு. பையில் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அட்டைக்கு உப்பு, லயத்து நாய்க்கு விசில்.

இனி, நான் உண்மையில் பேச வந்தது. கிரவல் ரோட்டைக் கெடுப்பது லொறி என்று நினைக்கிறோம். லொறியைவிடத் தண்ணீர்தான் கெடுக்கிறது. நல்ல கிரவல் ரோட்டுக்கு நடுவில் லேசான முதுகு இருக்கும். மழைத் தண்ணீர் ஓரத்துக்கு வடிந்து கான் என்கிற வடிகாலில் விழும், கான் கொஞ்ச தூரத்துக்கு ஒரு மதகில் இறங்கிப் பள்ளத்துக்குப் போய்விடும். கானில் மானாப்புல்லும் சரிந்த மண்ணும் அடைத்தால், தண்ணீர் ரோட்டில் ஏறிச் சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். முதலில் பொடி போகும், அப்புறம் சல்லி போகும், கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கிற கருங்கல் மட்டும் மிஞ்சும். சைக்கிளில் போகிறவனுக்கு இது கைப்பிடியிலேயே தெரியும். கை உதறத் தொடங்கினால் பக்கத்துக் கானைப் பாருங்கள், அது அடைத்திருக்கும்.

எனக்கு அந்த உதறல் ஒரு நாள் பயணம். அங்கே இருப்பவர்களுக்கு அது தினமும். என் அக்காவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனது ஒரு தோட்டத்துக் கொழுந்து லொறியில். ஒன்பது கிலோமீட்டர் ரோடு, ஒன்றே கால் மணி நேரம். அம்மா கொழுந்துச் சாக்கை மடித்து அவளுக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் இடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனார். பிள்ளை பிழைத்தது. அதனால் "ரோடு இப்படியே கரடுமுரடாக இருந்தால்தான் ஓட்ட சுகம்" என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு எரிகிறது. கான் வெட்டிய கிரவல் ரோடு லொறிக்கும் நல்லது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் நல்லது, சைக்கிளுக்கும் மிகவும் நல்லது. தார்தான் போட வேண்டும் என்று மக்கள் கேட்டால் தார் வரட்டும். நான் வேறு மலைக்குப் போய் ஓட்டிக்கொள்கிறேன்.

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ ட்ரெயில் நடைபாதை 22 பகுதிகளாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் பெரும்பகுதி இந்தப் பழைய தோட்ட வழிகள்தான். வெளிநாட்டவர்கள் வந்து நடக்கிறார்கள். நம் பிள்ளைகளும் சைக்கிளில் வர வேண்டும் என்பது என் ஆசை. வரும்போது தோட்டத்து ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். லயத்து வாசல் ரோடுபோலத் தெரியும், ஆனால் அது வீட்டு முற்றம், அங்கே இறங்கி நடங்கள். வழி தெரியாவிட்டால் மலையில் கொழுந்து பறிக்கிற அக்காமாரைக் கேளுங்கள். ஒருமுறை நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மேலே தேயிலை நிரையிலிருந்து ஒரு குரல் வந்தது: "தம்பி, அந்தப் பக்கம் போகாதீங்க, மதகு ஒடஞ்சி கெடக்கு. மடுவத்துக்கிட்டத் திரும்பிக் குறுக்கால எறங்குங்க." போனில் அந்த மதகு முழுசாகத்தான் இருந்தது.

அந்தக் குறுக்கில் இறங்கும்போதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். எழுபது வயது இருக்கும். பென்ஷன் வாங்கியவர். தன் லயத்துக்கு மேலே உள்ள கானைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார். யாரும் கூலி கொடுக்கவில்லை. மண்வெட்டியைச் சாய்த்துப் பிடித்து, புல்லின் வேர் மட்டும் அறுபடுகிற மாதிரி ஒரு இழுப்பு. கானின் அடி கண்ணாடிபோல் சமமாக வந்தது. நான் பைக்குள் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன், அவர் பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தார். போன ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி அந்த வழியே போனேன். மேலேயும் கீழேயும் ரோடு கழுவிப் போயிருந்தது. அவர் வெட்டிய கானின் பக்கத்தில், ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு வரை, கிரவல் போட்டபடியே கிடந்தது.

நன்றி, வணக்கம்.