கடைமடைக்கு எண்ணெய் போகாத என்ஜின்: 2.4 கோடி டாலர் பரிசு வாங்கிய பொறியாளரின் கதை

[திரையில்: நெடுஞ்சாலையோரம் நின்றுவிட்ட ஒரு கார்]

வணக்கம். தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலைபார்த்த ஹூண்டாய் கார் நிறுவனத்தின் என்ஜின் குறையை வெளியே சொன்ன தென்கொரியப் பொறியாளர் ஒருவருக்கு, 2021 நவம்பரில் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று 2.4 கோடி டாலருக்கும் அதிகமான பரிசுத்தொகையை அறிவித்தது. அந்தக் குறையின் வேர், தொழிற்சாலையில் சரியாக அகற்றப்படாமல் போன உலோகப் பிசிறு.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: வாகனத்தில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்தால், நிறுவனமே உரிமையாளர்களுக்கு அறிவித்து இலவசமாகச் சரிசெய்து தருவதுதான் ரீகால்.

இனி என்ஜினுக்குள் போவோம். எனக்குப் பிடித்த இடமே இதுதான். ஹூண்டாய், கியா கார்களில் பொருத்தப்பட்ட 'தீட்டா 2' என்ற என்ஜினில், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட்டுக்குள் எண்ணெய் ஓடுவதற்கெனத் துளைகள் குடையப்பட்டிருக்கும். அமெரிக்காவின் அலபாமா ஆலையில் அப்படிக் குடையும்போது உண்டான பிசிறுகள் சில என்ஜின்களில் உள்ளேயே தங்கிவிட்டன. வாய்க்காலில் குப்பை அடைத்துக்கொண்டால் எந்த வயல் முதலில் காயும்? கடைமடை வயல்தானே! இந்த என்ஜினில் அந்தக் கடைமடை, பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில், உரசலைத் தாங்குவதற்கென இருக்கும் பேரிங். எண்ணெய் வராத பேரிங் தேய்கிறது, 'கட கட' என்று தட்டும் ஓசை எழுகிறது, என்ஜினின் வேகத்தோடு அந்த ஓசையும் கூடுகிறது. பாட்டின் ஒலியைக் கூட்டிவைத்து அதை மறைத்துக்கொண்டே ஓட்டினால், ஒரு நாள் நெடுஞ்சாலையின் நடுவிலேயே என்ஜின் இறுகி நின்றுவிடுகிறது.

2015 செப்டம்பரில் ஹூண்டாயின் 2011, 2012 மாடல் சொனாட்டா கார்கள் மட்டும், ஏறத்தாழ 4.7 லட்சம், திரும்ப அழைக்கப்பட்டன. அது போதாது என்று கருதிய பொறியாளர் கிம் குவாங் ஹோ, 2016 ஆகஸ்டில் ஆவணங்களோடு வாஷிங்டனுக்கே பறந்து, பின்னாளில் அவருக்குப் பரிசு அறிவித்த அமெரிக்க அரசு அமைப்பான தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் முறையிட்டார். அதே ஆண்டில் அவருடைய வேலை பறிபோனது. காட்டிக்கொடுத்தவர் என்று சிலர் அவரைச் சொல்லக்கூடும், நான் சொல்லமாட்டேன். 2017 மார்ச்சில் இரு நிறுவனங்களும் மேலும் சுமார் 12 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. ரீகாலைத் தாமதப்படுத்தியதாகவும் தகவல்களைத் துல்லியமாகத் தரவில்லை என்றும் எழுந்த குற்றச்சாட்டில், 2020இல் இரண்டுக்கும் சேர்த்து 21 கோடி டாலர் அபராதம் முடிவானது. அதில் உடனே ரொக்கமாகக் கட்டவேண்டியிருந்தது 8.1 கோடி. குறையை வெளியே சொன்னவருக்கு அந்த ரொக்கத்திலிருந்து பரிசாகத் தரச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு 30 விழுக்காடு. பெருக்கிப் பாருங்கள், கிம்முக்குக் கிடைத்த பரிசு வந்துவிடும்!

பழுதுபார்ப்பு எப்படி நடந்தது? டீலர்கள் பேரிங்கைச் சோதித்தார்கள். தேறாத வண்டிகளுக்கு என்ஜினையே மாற்றினார்கள். பிறகு, தட்டும் அதிர்வை முன்கூட்டியே உணர்ந்து என்ஜினின் விசையைக் குறைத்துவிடும் மென்பொருளையும் ஏற்றினார்கள். இங்கேதான் என்னைத் தலையில் கைவைக்கச் செய்த திருப்பம்: ரீகாலில் என்ஜின் மாற்றும்போது எரிபொருள் குழாயைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருக்கலாம், அதனால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கலாம் என்று 2019 தொடக்கத்தில் சுமார் 1,68,000 கார்களுக்கு இன்னொரு ரீகால் வந்தது. மருந்துக்கே மருந்து கொடுத்த கதை!

அமெரிக்காவில் இரண்டாம் கை ஹூண்டாய் சொனாட்டாவோ கியா ஆப்டிமாவோ ஓட்டும் தம்பி, தங்கை உங்களுக்கு இருந்தால், இந்தக் காணொலியை இப்போதே அனுப்பிவையுங்கள். முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டின் ஓரத்தில் தெரியும் 17 இலக்க வாகன அடையாள எண்ணை அந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் உள்ளிட்டால், நிலுவையில் இருக்கும் ரீகால் தெரிந்துவிடும். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் இந்தப் பழுதுபார்ப்புக்குப் பணம் கேட்கக்கூடாது. ரீகால் வருவதற்கு முன்பே சொந்தச் செலவில் சரிசெய்தவர்கள் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கவும் வழியுண்டு; ஆகவே பழைய சர்வீஸ் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டியை எடுத்துவரும்போது, எதை மாற்றினார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதே எண்ணை இன்னொரு முறை உள்ளிட்டுப் பாருங்கள்.