கறுப்புக் கோட்டைக்குப் பதிலாக ஒரு நூல்கட்டை

வணக்கம் உறவுகளே. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் இந்தியாவின் குகேஷ் கறுப்புக் காய்களுடன் சீனாவின் டிங் லிரனை வென்று சதுரங்க உலகப் பட்டம் பெற்ற கடைசி ஆட்டத்தைச் சென்ற காணொளியில் காட்டினேன் அல்லவா? அதன் கீழே, "தரப்புள்ளி கூடியவர் வென்றதில் என்ன புதுமை?" என்று, வீரர்களின் பலத்தைக் காட்டும் அந்த எண்ணை வைத்து ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பிளேன்டீ கூட இறங்கவில்லை. அவருக்காகவே, 2017 நவம்பரில் சீன லீக்கில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பலகையில் வைத்திருக்கிறேன். வெள்ளைக் காய்களுடன் ஆடியவர் பாய் ஜின்ஷி. அவரைவிட 200 தரப்புள்ளிகளுக்கு மேல் கூடியிருந்த அதே டிங் லிரன்தான் கறுப்பு.

பலகையில் நிற்கும் நூல்கட்டையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஹட்டன் நகரில் 2,450 ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டியில் கறுப்புக் கோட்டை ஒன்று குறைந்திருந்தது. மழையில் மறுபடியும் பஸ் ஏறிப் போய்க் கேட்டால், பெட்டியைத் திறந்துவிட்டதால் மாற்றித்தர இயலாது என்றார்கள். திறக்காமல் காய்களை எப்படி எண்ணுவது? கடைசியில் அம்மாவின் நூல்கட்டைக்கு மை பூசினேன்.

15ஆவது நகர்த்தலில் டிங் தம் ராணியை வெட்டக் கொடுத்துவிட்டு, சிப்பாயால் குதிரையை வெட்டுகிறார். ராணியை வெட்டிய வெள்ளைக் கோட்டையும் பிறகு விழுகிறது. 20ஆவதில் நம் நூல்கட்டை டி4 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாயின் வாயிலேயே போய் நிற்கிறது. அதை வெட்டினால், சி6இல் காத்திருக்கும் குதிரை டி4க்குப் பாய்ந்து ராஜாவையும் ராணியையும் ஒருசேரத் தாக்கும். சொல்ல மறந்துவிட்டேன், வெள்ளை ராஜா அதற்குள் எஃப்3 வரை இழுத்து வரப்பட்டிருந்தார்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது 26ஆவது நகர்த்தல். வெள்ளை ராஜா எச்5 வரை துரத்தப்பட்டுவிட்ட நிலையில், ராணி இல்லாத டிங், எந்தச் செக்கும் வைக்காமல் தம் ராஜாவை ஜி7க்கு அமைதியாக நகர்த்துகிறார். மற்றக் கோட்டை எச்8க்கு வருவதற்கு வழிவிட்டு ஒதுங்கிய நகர்த்தல் அது. இதைப் புள்ளிக் கணக்கு நகர்த்தியதா, ஐயா?

32ஆவது நகர்த்தலில் குதிரை செக் வைத்ததும் பாய் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அம்மா நூல்கட்டையைக் கேட்டுக் கூப்பிடுகிறார். நான் எழும்ப வேண்டும்.