நீல மையில் ஒரு கோடு

நடுவர் அவர்களே, காசிமேட்டிலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் வந்து ராயபுரத்துக் கடல் காற்றில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். "தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களை அரசு கண்காணிப்பது காவலா, தலையீடா?" என்பது தலைப்பு. காவலே என்று பேச வந்திருக்கிறேன். நான் மாநகராட்சிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. விசில் ஊதிப் பழகிய தொண்டை இது. மைக் அலறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன் பேசிய நண்பர் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவைக் காட்டி நம்மைப் பயமுறுத்திவிட்டு அமர்ந்தார். 2022 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததே, வெளியார் கை பட்டதால்தானே, கால்பந்து ஆடும் நம் வியாசர்பாடிப் பிள்ளைகளின் கதி என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். பாதிக் கதைக்கே கைதட்டல் வாங்கிவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். அந்தச் சம்மேளன நிர்வாகத்தின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. நாற்காலியும் காலியாகவில்லை. சம்மேளனங்களுக்கென மத்திய அரசு 2011-இல் கொண்டுவந்த விளையாட்டு நெறிமுறை இருந்தது. ஆனால் அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே ஒரு நிர்வாகக் குழுவை நியமிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழுவைத்தான் ஃபிஃபா வெளியார் கை என்றது. உரிய நாளில் "தேர்தல் எங்கே?" என்று கேட்கச் சட்டப்படி ஒருவர் இருந்திருந்தால் நீதிமன்றம் ஏன் வரப்போகிறது? ஐயா, கண்காணிப்பு இல்லாத இடத்தில்தான் தலையீடு வந்து சேர்கிறது. தடை இரண்டு வாரத்துக்குள் நீங்கியதையும், அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்ததையும் நண்பர் சொல்ல மறந்துவிட்டார். வயது காரணமாக இருக்கலாம்.

காவலுக்கும் தலையீட்டுக்கும் வேறுபாடு தெரிய வேண்டுமானால் இங்கிருந்து பத்து நிமிடம் நடந்து துறைமுகத்துக்குப் போங்கள். ஒவ்வொரு விசைப்படகிலும் பதிவெண் எழுதியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. இதெல்லாம் அரசின் கட்டளை. ஆனால் எந்த அதிகாரியாவது படகில் ஏறி, வலையை இங்கே வீசு, சுக்கானை அப்படித் திருப்பு என்று சொன்னதுண்டா? சொன்னால் நம் ஆட்கள் கடலிலேயே இறக்கிவிட்டு வருவார்கள்.

என் பள்ளியில் ஒரு பெண் இருந்தாள். பதினான்கு வயது. அம்மா மீன் கூடை சுமப்பவர். குத்துச்சண்டைத் தேர்வுக்கு அழைத்துப் போனேன். அவள் எடைப் பிரிவில் இரண்டு சுற்றிலும் அவளே வென்றாள். காலையில் கதவில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பெயரின் மேல் நீல மையில் ஒரு கோடு. அதற்கு மேல் வேறொரு பெயர். கையெழுத்துக்கூட இல்லை. அங்கிருந்த நிர்வாகியிடம் கேட்டேன். "கமிட்டி முடிவு" என்றார். கமிட்டி யார் என்றேன். "நான்தான்" என்றார். புகார் கொடுக்க வேண்டும் என்றேன். "தாராளமாக, என்னிடமே கொடுங்கள்" என்று கையை நீட்டினார். நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் ஓரமாக நின்று, கையில் சுற்றியிருந்த துணிப்பட்டையை அவிழ்த்து, சுருக்கம் விழாமல் அழகாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அதை விரிக்கவே இல்லை.

ஒரு பெயரை அடித்ததற்கே புகார் கொடுக்க இடமில்லை என்றால், உடம்பில் கை வைத்தவனைப் பற்றி ஒரு பெண் எங்கே போய்ச் சொல்வாள்? 2023 ஜனவரியில் மல்யுத்த வீரர்கள் வினேஷ் போகாட்டும் சாக்ஷி மாலிக்கும் பஜ்ரங் புனியாவும் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தது அதனால்தான். மல்யுத்தச் சம்மேளனத்தின் அன்றைய தலைவர் மீது பாலியல் தொல்லைப் புகார். அவர் மறுக்கிறார், தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம், நான் அல்ல. நான் பேசுவது அந்தச் சம்மேளனத்தின் புகார்க் குழுவைப் பற்றி. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே இருந்ததோ ஐந்து பேர், நால்வர் ஆண்கள். ஒரே பெண் யார் தெரியுமா? சாக்ஷி மாலிக். புகார் கேட்க வேண்டியவரே புகாரோடு தெருவில் உட்கார்ந்திருந்தார்!

"அரசு மட்டும் யோக்கியமா?" என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள். நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டேன். அந்தத் தலைவர் அப்போது ஆளுங்கட்சி எம்.பி. குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் தலைமையில் விளையாட்டு அமைச்சகம் போட்ட விசாரணைக் குழுவின் அறிக்கை முழுமையாக மக்கள் கைக்கு வரவில்லை. வீராங்கனைகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகே காவல் துறை வழக்குப் பதிந்தது. காவல்காரன் தூங்கினான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் காவலே வேண்டாம் என்பீர்களா, தூங்காத காவலைக் கேட்பீர்களா?

கனடாவைப் பாருங்கள். 2022-இல் பாலியல் வன்முறைப் புகார் ஒன்றை அந்நாட்டு ஐஸ் ஹாக்கிச் சம்மேளனமான ஹாக்கி கனடா சமரசத்தில் முடித்தது வெளியே வந்தது. இத்தகைய புகார்களைத் தீர்க்க அது வைத்திருந்த நிதியில் சிறுவர்கள் கட்டிய பதிவுக் கட்டணமும் இருந்தது. அரசு நிதியை நிறுத்தியது. நாடாளுமன்றக் குழு நிர்வாகிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டது. அந்த அக்டோபரில் நிர்வாகக் குழுவே மொத்தமாக விலகியது. யாரும் அமைச்சர் வந்து அணியைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லவில்லை.

நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. அங்கீகாரம் தரவும் நிறுத்தவும் ஒரு வாரியம், வழக்குக்குத் தீர்ப்பாயம், நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள். வாரியத்தை நியமிப்பது மத்திய அரசே என்பதும், அரசு நிதி வாங்காத சங்கம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வெளியே நின்றுகொள்ளலாம் என்பதும் எனக்கு உறுத்தல்தான். அதை இறுக்கச் சொல்லுங்கள், நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். அன்று திரும்பி வந்த பஸ்ஸில் அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் கேட்டார்: "டீச்சர், இதை யாருக்கு எழுதிப் போட வேண்டும்?" எனக்குத் தெரியவில்லை. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அந்த முகவரியைச் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும்.