நெஞ்சு குறுகுறுக்கும் சத்தம்

(கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வழக்கறிஞர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, டியூஷனை விட்டுவிட்டு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். போன மழைக்கு நூலகக் கூரை ஒழுகியபோது தார்ப்பாய் வாங்கிக் கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சியைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. அண்ணாச்சி, உங்களுக்கும் வணக்கம்.

எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பழமொழியை வாய்க்கு வாய் சொல்லும்: குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ என்பவர் அந்த ஒரு வரியையே கதையாக எழுதி வைத்திருக்கிறார். 'தி டெல் டேல் ஹார்ட்', அதாவது காட்டிக்கொடுத்த இதயம். 1843 ஜனவரியில் வந்தது. நாலைந்து பக்கம்தான். அதைப் பற்றி மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்: ஒன்று குரல், இரண்டு குற்றவுணர்ச்சி, மூன்று சட்டம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒருவன் பேசுகிறான். அவனுக்குப் பெயர் கிடையாது. ஒரு கிழவர், அவருக்கும் பெயர் கிடையாது. அவர்மேல் எனக்குப் பாசம், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அவர் பணத்துக்கும் ஆசைப்படவில்லை என்கிறான். அவருடைய ஒரு கண்தான் ஆகவில்லையாம். வெளிறிய நீலக் கண், மேலே படலம், கழுகின் கண்ணைப் போல. ஏழு நாள் நடுராத்திரியில் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டுகிறான். அந்தத் தலையை நீட்டவே ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறான். எட்டாம் நாள் கட்டைவிரல் விளக்கின் தகர மூடியில் வழுக்கிச் சத்தம் வர, கிழவர் எழுந்து உட்காருகிறார். பஞ்சில் பொதிந்த கடிகாரம் மாதிரி அவர் இதயம் துடிப்பது இவன் காதில் விழுகிறது. கொன்று, தரையில் மூன்று பலகையைப் பெயர்த்து உள்ளே மறைத்துவிடுகிறான்.

முதல் வரியிலிருந்து அவன் சொல்வது ஒன்றுதான்: எனக்குப் பைத்தியம் இல்லை, எவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன் பாருங்கள். யாரிடம் சொல்கிறான்? எதிரே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். 'நீங்கள்', 'நீங்கள்' என்கிறான். அந்த இடத்தில் நம்மை உட்கார வைத்துவிடுகிறார் போ. இந்தக் கதையைக் காதால்தான் கேட்க வேண்டும் என்று நான் ஊர் ஊராகச் சொல்லி வருவது இதனால்தான். கண்ணால் படித்தால் கொலைக் கதை. ஒருவர் வாய்விட்டுப் படிக்க, நாலு பேர் கூடிக் கேட்டால், நிதானம் என்று சொல்லச் சொல்ல அவன் மூச்சு வாங்குவது தெரியும்.

அதிகாலை நாலு மணிக்கு மூன்று போலீஸ்காரர்கள் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அலறல் கேட்டிருக்கிறார். கனவில் நான்தான் கத்தினேன் என்கிறான். உட்காரச் சொல்கிறான். தன் நாற்காலியைப் பிணம் கிடக்கும் பலகைக்கு மேலேயே போட்டுக்கொள்கிறான்! அப்புறம் காதில் ஒரு இரைச்சல். துடிப்பு. அவர்கள் சிரித்துப் பேசப் பேச அது ஏறுகிறது. தாங்க முடியாமல் அவனே கத்துகிறான், பலகையைப் பெயர்த்துப் பாருங்கள் என்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

அது யாருடைய இதயம்? சுவரில் தட்டும் ஒரு மரவண்டைப் பற்றியும் கதையில் வருகிறது. அதுதான் என்பாரும் உண்டு. போ சொல்லவில்லை. எனக்கு அவன் சொந்த இதயம்தான்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், எனக்கு அது கேட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பில் படித்தபோது அப்பாவின் கல்யாண வாட்ச், சாவி கொடுக்கிறது, அதை எடுத்து முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன். உள்ளே 'டக்' என்றது. முள் நின்றுபோனது. என் பனியனில் சுற்றி அரிசி டிரம்மின் அடியில் புதைத்துவிட்டேன். அப்பா வீட்டையே கவிழ்த்துத் தேடினார். மூன்று நாள். மூன்றாம் நாள் ராத்திரி அந்த டிரம்மிலிருந்து 'டிக் டிக்' என்று கேட்டது. நின்றுபோன வாட்ச்! எழுந்துபோய் டிரம்மில் காதை வைத்தேன். தகரத்தின் குளிர்ச்சி இன்றைக்கும் கன்னத்தில் இருக்கிறது. மறுநாள் மாமா வந்தார். வேறு இடமே இல்லாத மாதிரி அந்த டிரம்மின்மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "மணி என்ன மாப்பிள்ளை?" என்றார். யாரும் என்னைக் கேட்கவில்லை. "அதுக்குள்ளதான் இருக்கு" என்று நானே அழுதுவிட்டேன்.

இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சிரிப்பார்கள். போன வருடம் நம் நூலகத்தில் போவின் கதையை வாசித்துவிட்டு இதையும் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "அந்த மூணு நாளும் வீட்டுல யாரு மேல சந்தேகப்பட்டாங்க?"

பாத்திரம் தேய்க்க வந்த அக்காமேல். இரண்டாம் நாளே அம்மா அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாட்ச் கிடைத்த பிறகு அம்மா போய்க் கூப்பிட்டார். அந்த அக்கா வரவில்லை. இத்தனை வருடமும் அவரை விட்டுவிட்டுத்தான் நான் கதை சொல்லியிருக்கிறேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. போவின் ஆளும் தான் செய்ததை மறைக்கவில்லை. அந்தக் கிழவர் தனக்கு யார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்வதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், சரி. ஆனால் அந்தக் குறுகுறுப்பை மறைத்துக் கதை சொல்லவும் அதற்குத் தெரியும். எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்து கேள்வி கேட்டால்தான் அது வெளியே வருகிறது.

மூன்றாவது, சட்டம். கதை வந்த அதே 1843 ஜனவரியில் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர் பிரதமரின் செயலாளரைச் சுட்டார். மனநிலையைக் காரணம் காட்டி, குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது. புத்தி பேதலித்து, தான் செய்வது என்னவென்றோ தப்பென்றோ தெரியாமல் செய்தால் அது குற்றமாகாது என்று அதையொட்டிப் பிறந்த விதிதான் நம் இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக இருந்தது. மேற்கொண்டு வழக்கறிஞர் ஐயா சொல்வார்; எனக்கு நேரமில்லை, சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு.

1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நம் நூலகத்திலோ பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் பூட்டுகிற நேரம் ஆகிவிடுகிறது. அலுவலர் அவர்களே, நான் கட்டடம் கேட்கவில்லை. சனிக்கிழமை மட்டும் எட்டு மணிவரை திறந்து வையுங்கள். ஒருவர் வாசிக்கட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். வாசிக்க ஆள் நாங்கள் தருகிறோம், மின்விளக்கு அண்ணாச்சி தருகிறேன் என்றிருக்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.