டொக்... டொக்...: பட்டிமன்றத்தில் 'குற்ற உணர்வே' அணிக்காகப் பேசியது

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். இந்த வேலூர் வெயிலில், மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காமலும் எழுந்து போகாமல் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

"நீர்மூழ்கிப் பேய்ப் படத்தில் நம்மை மிரட்டுவது பேயா, குற்ற உணர்வா?" இதுதான் தலைப்பு. போன ஞாயிற்றுக்கிழமை இதே நூலக மாடியில் திரை கட்டிப் படம் போட்டார்களே, 2002இல் வந்த 'பிலோ', அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று பேசியதால் வந்த வினை இது. அன்றைக்கு வராதவர்களுக்கு நாலு வரியில் கதை. வருஷம் 1943. அட்லாண்டிக் கடல். டைகர் ஷார்க் என்ற அமெரிக்க நீர்மூழ்கி, மூழ்கிப்போன ஒரு பிரிட்டிஷ் மருத்துவக் கப்பலில் தப்பிய மூன்று பேரை ஏற்றிக்கொள்கிறது. அதில் ஒருத்தி நர்ஸ். கப்பலில் பெண் ஏறினால் ஆகாது என்று மாலுமிகள் முணுமுணுக்கிறார்கள். அப்புறம் கிராமஃபோன் தானாகப் பாடுகிறது. ஆட்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, அந்த மருத்துவக் கப்பலை ஜெர்மன் கப்பல் என்று நினைத்து மூழ்கடித்ததே இவர்கள்தான். தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்க வேண்டும் என்று சொன்ன சொந்தக் கேப்டனையே அதிகாரிகள் கொன்றிருக்கிறார்கள். நீர்மூழ்கியோ யார் பேச்சும் கேட்காமல் பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறது.

படம் முடிந்ததும் ஒருவர், முதல் அரை மணி நேரம் நன்றாகத் தூக்கம் வந்தது என்றார். பேயை விட, மேலே நின்ற ஜெர்மன் கப்பல் கொக்கி போட்டு இரும்பைப் பிறாண்டியதே, அதுதான் வயிற்றைக் கலக்கியது என்றார் ஓர் அம்மா. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் எல்லாவற்றையும் பேட்டரியில் கொண்டுபோய் முடித்தார். அந்தக் காலத்து நீர்மூழ்கி தண்ணீருக்கு அடியில் ஈய-அமில பேட்டரியில்தான் ஓடும், அதிலிருந்து ஹைட்ரஜன் கசியும், உள்ளே கரியமில வாயு ஏறும், மூளை குழம்பும், அதுதான் பேய் என்றார். அறிவியல் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஐயா, காற்று கெட்டால் தலைவலி வரும். செத்துப்போன கேப்டன் எதற்கு வருகிறார்?

சரி, இப்போது எதிரணித் தம்பியிடம் வருகிறேன். "பேயைக் காட்டாத பேய்ப் படம், தண்ணி இல்லாத பாலாறு மாதிரி" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் கிள்ளிய பிறகுதான் நான் எந்த அணி என்று ஞாபகம் வந்தது.

தம்பி, பாலாற்றை நீங்கள் எங்கே இருந்து பார்த்தீர்கள்? காட்பாடிக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில், பாலத்துக்கு மேலே இருந்து. இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பாட்டி சொல்லுவாள். மணலில் முழங்கை ஆழம் கையாலேயே தோண்டினால் ஊற்று வரும். முதலில் கலங்கலாக வரும். கொட்டாங்குச்சியால் இரண்டு தரம் இறைத்துக் கொட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மூன்றாம் தரம் இளநீர் மாதிரி தெளிந்து நிற்கும். ஊரே அதைத்தான் குடித்தது. பாலாற்றில் தண்ணீர் இல்லை என்று யார் சொன்னது? கீழே இருந்தது. படத்தின் பெயர் என்ன தம்பி? பிலோ. தமிழில் சொன்னால்? கீழே!

கைதட்டல் போதும், நேரம் போகிறது. 2021 நவம்பரில் அந்தத் தண்ணீர் இல்லாத ஆறு கரை புரண்டு வந்ததே, பார்த்தீர்களா? நம்ம ஊரைக் கேலி பேசுகிறவர்களுக்கு இன்னொரு வசனமும் உண்டு: சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரர் சன்னதிக்கு 1981இல்தான் மறுபடி லிங்கம் வந்தது. அதற்கு முன்பு காலிக் கருவறையைப் பார்த்தும் எங்கள் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வாளாம். கண்ணுக்குத் தெரிந்தால்தான் இருக்கிறது என்று அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், உலக்கையோடு வருவாள்.

எங்கே விட்டேன்? ஆம், பயம். விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா என்ற நம் கடற்படையின் பழைய நீர்மூழ்கியைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே போயிருக்கிறேன். 91 மீட்டர் நீளம். அதற்குள் 75 பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் எதிரே வந்தால் இன்னொருவர் சுவரோடு சுவராக ஒட்ட வேண்டும். அங்கே கணவன் மனைவி சண்டை போட்டால்கூட கோபித்துக்கொண்டு போக இடம் கிடையாது. செய்த தப்பிலிருந்து தப்பித்து எங்கே போவது? அதைத்தான் படம் பிடித்தது.

இப்போது எங்கள் பெரியப்பா கதை. இதைச் சொல்லத்தான் வந்தேன், மற்றதெல்லாம் மரியாதைக்கு.

பெரியப்பாவுக்குக் கம்மவான்பேட்டை. அந்த ஊரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாளம். இவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பேய், பிசாசு என்றால் மீசையைத் தடவிச் சிரிப்பார். பக்கத்து வீட்டில் ஒரு மேஸ்திரி தாத்தா. மாடி கட்டும்போது அவரிடம் பெரியப்பா ஐயாயிரம் கைமாற்று வாங்கினார். சீட்டு இல்லை, சாட்சி இல்லை. தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம் முடிந்தது. பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெரியப்பாவும் திறக்கவில்லை.

கத்திரி வெயில். குடும்பமே மொட்டை மாடியில் படுத்திருக்கிறோம். நடுராத்திரி தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். டொக். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் டொக்... டொக். 'எலி' என்றார் பெரியப்பா. 'தண்ணிக்குள்ளே எலியா?' என்றேன் நான். மீசை கொஞ்சம் இறங்கியது. டார்ச்சைத் தூக்கினார். பட்டாளத்துப் பழக்கம், காவலுக்கு நிற்கிறவன் கத்துகிற மாதிரி தெருவே அதிரக் கத்தினார்: "தம்! கோன் ஆத்தா ஹை?"

'நில்! யார் வருவது?' என்று அர்த்தம். தெருவில் யாருக்கு இந்தி தெரியும்? எல்லோருக்கும் புரிந்தது ஒரே சொல். ஆத்தா! அது கெங்கையம்மன் திருவிழா நேரம் வேறு. எதிர்வீட்டு அம்மா கற்பூரத் தட்டோடு ஓடி வந்தார். பின்னால் ஒருத்தி வேப்பிலையோடு. "ஆத்தா வந்துட்டாளா? ஆத்தா, என் பையனுக்கு வேலை எப்போ கிடைக்கும்?"

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். மறுபடி சொல்கிறேன், எனக்கென்ன கஷ்டம்? டார்ச், லுங்கி, மீசை. "தம்! கோன் ஆத்தா ஹை?" எதிரே ஒரு பெண்மணி, "ஆத்தா, என் பையனுக்கு வேலை எப்போ?" ஹவில்தார் என்ன பதில் சொல்வார்? "ஆடியில கிடைக்கும்மா" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பையனுக்கு ஆடியில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அந்த அம்மா பெரியப்பாவைப் பார்த்தால் செருப்பைக் கழற்றுகிறார்.

விடிந்ததும் தொட்டியைப் பார்த்தோம். மூடி உடைந்திருந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் குவளை மிதந்தது. காற்றடித்துத் தண்ணீர் அலைந்தால் அது சுவரில் இடிக்கும், அவ்வளவுதான். குவளையை எடுத்தோம். எதிரணித் தம்பி கணக்குப்படி பேய் போய்விட்டது, படம் முடிந்தது. ஆனால் அன்று ராத்திரியும் பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். "கேக்குதா?" என்றார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தப் பாட்டி கையில் ஐயாயிரத்தை வைத்தார். பாட்டி எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "அவரு சொல்லிட்டுத்தான் போனாரு. மிலிட்டரிக்காரன், தானா கொண்டாந்து குடுப்பான், நீ போய்க் கேக்காதேன்னாரு" என்றாள்.

பெரியப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதற்கு மேல் எனக்கு வாதம் ஒன்றும் இல்லை நடுவர் ஐயா. ஆனால் ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். அந்த உலகப் போரில் அமெரிக்கா மட்டும் 52 நீர்மூழ்கிகளை இழந்தது. 3,500 பேருக்கு மேல் போனார்கள். நம்ம வேலூர் மணிக்கூண்டுக் கல்வெட்டைப் படித்திருப்பீர்கள். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று வெட்டியிருக்கிறது. அந்தப் பதினான்கு வீட்டுக்கும் சேதி எப்படி வந்திருக்கும்?

தொட்டி தட்டிய அந்த முதல் ராத்திரி நாங்கள் எல்லோரும் சிரித்தோமே, பெரியம்மா சிரிக்கவில்லை. தூக்கிவாரிப் போட்டு எழுந்தவள், பக்கத்துப் பாயைக் கையால் தடவினாள். பெரியப்பா டார்ச்சோடு எழுந்து போயிருந்ததால் பாய் காலி. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன பெரியம்மா, பேய்னு பயந்துட்டியா?" என்றேன்.

"பேய் வந்தா வரட்டும்டி. தந்திக்காரன் கதவைத் தட்டுறான்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

பெரியப்பா ஓய்வு பெற்று வந்து அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது.