செல்லுக்குள் ஒரு பெட்ரோல் பங்க்

நேயர்களுக்கு வணக்கம்.

நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தை. காய்ச்சல் வருகிறது, இரண்டு நாளில் இறங்கியும் விடுகிறது. ஆனால் அதற்கப்புறம் நடை தள்ளாடுகிறது. சில மாதம் கழித்துக் கட்டிலிலிருந்து விழுந்து தலையில் லேசான அடி. இந்த முறை எழுந்து நிற்கவே முடியவில்லை. மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதி கரைந்து, அந்த இடத்தில் நீர் நிற்கிறது. மறைந்துபோகும் வெள்ளைப் பகுதி என்பதுதான் இந்த நோயின் பெயரே. அரிய நோய். பல குழந்தைகளிடம் இது இப்படித்தான் தலைகாட்டுகிறது.

காய்ச்சல் எல்லாக் குழந்தைக்கும் வருகிறது, எல்லாக் குழந்தையும் விழுந்து எழுகிறது. இந்தக் குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி? 2001, 2002-ஆம் ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மருத்துவர் மார்யோ வான் டெர் க்னாப்பின் குழு விடையைக் கண்டுபிடித்தது. பிழை ஒரு மரபணுவில் இல்லை, ஐந்தில் இருந்தது. ஐந்தில் எது பழுதானாலும் அதே நோய். இது எப்படி? அந்த ஐந்து மரபணுக்களும் தருவது ஒரே இயந்திரத்தின் ஐந்து பாகங்களை. அதன் பெயர் இஐஎஃப்-2பி. இன்று நான் பேச வந்தது இந்த இயந்திரத்தைப் பற்றி.

மரபணுவின் நகலான எம்.ஆர்.என்.ஏ.வை ரைபோசோம் படித்து, அமினோ அமிலங்களைக் கோர்த்துப் புரதமாக்குகிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் எந்த எழுத்திலிருந்து படிக்கத் தொடங்குவது என்று ரைபோசோமுக்கு எப்படித் தெரியும்? மனித செல்லில் இதற்கென்றே ஒரு பெரும் புரதப் பட்டாளம் இருக்கிறது. அதில் ஒரு தொகுதியில் மட்டும் 13 புரதங்கள். இவை சேர்ந்து ரைபோசோமின் சிறிய பாதியை எம்.ஆர்.என்.ஏ.வின் முனையில் ஏற்றுகின்றன. அது ஏ-யு-ஜி என்ற மூன்றெழுத்து வரும்வரை தேடிக்கொண்டே போகிறது. அங்கே முதல் அமினோ அமிலமான மெத்தியோனின் தயாராக இருக்க வேண்டும்.

அந்த மெத்தியோனினைச் சுமந்து வருவது இஐஎஃப்-2. இதை ஓர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணி மெத்தியோனின். டேங்க்கில் இருப்பது குவனோசின் டிரைபாஸ்பேட், அதாவது மூன்று பாஸ்பேட் கொண்ட எரிபொருள். சரியான இடம் வந்ததும் ஒரு பாஸ்பேட் கழன்றுவிடும், பயணி இறங்கிவிடுவார், ஆட்டோ வெளியேறிவிடும். அடுத்த சவாரிக்கு டேங்க்கை நிரப்பியாக வேண்டும். நிரப்பும் பங்க்தான் இஐஎஃப்-2பி. செல்லில் ஆட்டோக்கள் ஏராளம், பங்க்குகள் குறைவு.

செல்லுக்கு நெருக்கடி வந்தால், வைரஸ் நுழைந்தாலோ அமினோ அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்தாலோ, அதை மோப்பம் பிடிக்க நான்கு நொதிகள் இருக்கின்றன. நான்கும் செய்வது ஒரே காரியம்: இஐஎஃப்-2-இன் ஆல்பா பாகத்தில் 51-ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவது. அப்படி ஒட்டப்பட்ட ஆட்டோ பங்க்குக்குள் போய் ஓர் ஓரமாக நின்றுகொள்கிறது, நகர மறுக்கிறது. அது நிற்பதால் பம்ப்பின் அமைப்பே கொஞ்சம் திருகிக்கொள்கிறது, மற்ற ஆட்டோக்களுக்கும் சரியாக நிரப்ப முடிவதில்லை. சில ஆட்டோக்கள் போதும், ஊர்ப் போக்குவரத்தே ஸ்தம்பித்துவிடும். இந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்த நிறுத்தம் நல்லதற்கே. சிவப்பணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதிரும் நிலையில் அவற்றுக்கு உட்கருவே கிடையாது, இருக்கிற எம்.ஆர்.என்.ஏ.வை வைத்தே ஹீமோகுளோபினின் புரதப் பகுதியைச் செய்கின்றன. இரும்பு குறைந்து, ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீம் போதாமல் போனால், புரதத்தைச் செய்துகொண்டே போவது வீண், ஆபத்தும்கூட. அந்த நான்கு நொதிகளில் ஒன்று ஹீம் குறைவதை உணர்ந்து உற்பத்தியை நிறுத்துகிறது. இரும்புச்சத்துக் குறைவு என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் இந்த வேலையும் நடந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். விரல் நீளத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதில் சர்க்கரைக் கரைசல், மேலே 10 சதவீதம், அடியில் 50 சதவீதம், நடுவில் கோடு தெரியாமல் ஒன்றில் ஒன்று கரைந்திருக்கும். கை நடுங்கினால் கலங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து ஊற்ற வேண்டும். உடைத்த செல்லின் சாற்றை மேலே சொட்டுச் சொட்டாக விட்டு, நிமிடத்துக்குச் சுமார் 40,000 சுற்று வேகத்தில் இரண்டு மூன்று மணி நேரம் சுழற்றுவோம். கனமானது அடிக்குப் போகும். பிறகு குழாயில் இருப்பதைப் புற ஊதா விளக்கைத் தாண்டி மெல்லச் செலுத்தினால் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். நல்ல செல்லில் வலப்பக்கம் வரிசையாக அலைகள் தெரியும். ஒரே எம்.ஆர்.என்.ஏ.வில் இரண்டு, மூன்று, நான்கு என்று ரைபோசோம்கள் ஏறியிருப்பதன் அடையாளம் அவை. செல்லுக்கு நெருக்கடி கொடுத்துவிட்டு அதே சோதனையைச் செய்தால், அலைகள் படுத்துவிடும். வேலையில்லாத ரைபோசோம்களின் ஒற்றைச் சிகரம் மட்டும் உயர்ந்து நிற்கும். அதை முதன்முதலில் பார்த்த அன்று, திரையை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை.

சரி, நின்ற பங்க்கை மறுபடி ஓட்ட முடியுமா? 2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில், பீட்டர் வால்டரின் ஆய்வகத்தில் கார்மெலா சிட்ராஸ்கியும் சக ஆய்வாளர்களும் ஒரு சிறு மூலக்கூறை அறிவித்தார்கள். பெயர் இஸ்ரிப். இதைச் செலுத்திய எலிகளின் நினைவாற்றல் கூடியது. அது எங்கே போய் ஒட்டுகிறது என்பது அப்போது புரியவில்லை. 2018-இல், உறையவைத்த மூலக்கூறுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தபோது விடை தெரிந்தது. இஸ்ரிப் உட்கார்ந்திருந்தது இஐஎஃப்-2பி-யின் நட்டநடுவில். இந்த இயந்திரத்தில் ஐந்து வகைப் பாகங்கள், வகைக்கு இரண்டு, மொத்தம் பத்து. நான்கு நான்காக இரண்டு பாதிகளும், அவற்றை இணைக்கும் ஒரு ஜோடியும். பாதிகள் சேரும் தையலில் இஸ்ரிப் ஒரு கிளிப் போல மாட்டிக்கொள்கிறது. பிரித்தெடுத்த ஒரு பாகத்தை மட்டும் வருடக்கணக்கில் ஆராய்ந்தாலும் இந்தப் பள்ளம் கிடைத்திருக்காது. முழுத் தொகுதியாகச் சேர்ந்தால்தான் அது உருவாகிறது.

நெருக்கடி மிகக் கடுமையாக இருந்தால், அதாவது நின்றுபோன ஆட்டோக்கள் அளவுக்கு மேல் குவிந்துவிட்டால், இஸ்ரிப்பால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஒருவகையில் இது ஆறுதல். செல்லின் தற்காப்பை அது முழுக்க முடக்கிவிடாது.

இப்போது அந்தக் குழந்தைக்கு வருவோம். அதன் பங்க் பிறவியிலேயே தளர்வானது. சாதாரண நாளில் எப்படியோ ஒப்பேற்றுகிறது. காய்ச்சலோ அடியோ வந்தால் அதனால் தாங்க முடிவதில்லை. அதனால்தான் இந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம், காய்ச்சலை ஆரம்பத்திலேயே கவனியுங்கள், தலையில் அடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இஸ்ரிப்பின் வழியில் உருவான மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கப்படும் கட்டத்துக்கு வந்திருக்கின்றன.

இஐஎஃப்-2பி நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது, தோலில், ஈரலில், தசையில். பழுது எல்லா இடத்திலும்தான். ஆனாலும் பெரும்பாலும் முதலில் கரைவது மூளையின் வெள்ளைப் பகுதி. அங்குள்ள நட்சத்திர வடிவ செல்கள் சரியாக முதிர்வதில்லை என்பதுவரை தெரிந்திருக்கிறது. அந்த செல்கள் மட்டும் ஏன் இந்தப் பங்க்கை இவ்வளவு நம்பியிருக்கின்றன என்ற கேள்வியோடுதான் நாளைக் காலையும் நான் சர்க்கரைக் கரைசலை ஊற்றப் போகிறேன்.

நன்றி, வணக்கம்.