முதல் வில் வாங்கப் போகிறீர்களா?

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு அம்பு விட்டுப் பார்க்க ஆசை, போட்டிக்கெல்லாம் போகப் போவதில்லை, கையைக் கடிக்காத விலையில் எந்த வில் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரித்து மாட்டக்கூடிய மர ரிகர்வ் வில், அதாவது இரு நுனியும் எய்பவரை விட்டு வெளிப்பக்கம் வளைந்த வில், அதுவும் 20லிருந்து 24 பவுண்டுக்குள். பவுண்டு என்றால் வில்லின் எடை இல்லை, நாணை இழுக்க வேண்டிய பலம்.

இவ்வளவுதானா, சின்னப் பையன் வில்லா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் முதல் வில் 40 பவுண்டு. கடைக்காரர் என் தோளைப் பார்த்துவிட்டு, "உங்க உடம்புக்கு இதெல்லாம் சாதாரணம் சார்" என்றார், நானும் வல்வில் ஓரியின் பேரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கி வந்துவிட்டேன். முதல் பத்து அம்பு ஜோர். இருபதாவது அம்பில் தோள் காது வரைக்கும் ஏறிவிட்டது, வலியில் குறி பார்ப்பதற்கு முன்னாலேயே நாணை விட்டுவிடுகிற பழக்கம் வந்துவிட்டது, மூன்றாம் நாள் சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை. வலி ஒரு மாதத்தில் போனது. அந்தப் பழக்கம் போக ஒரு வருஷம் ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலிம்பிக்கில் தரவரிசைச் சுற்றில் ஒருவர் 72 அம்பு விடுகிறார். நீங்களும் ஒரு காலையில் 72 விடுகிறீர்கள் என்று வையுங்கள். 24 பவுண்டு என்பது கிட்டத்தட்ட 11 கிலோ, ஆக மொத்தம் 780 கிலோவுக்கு மேல் இழுத்திருப்பீர்கள். அதுவே 40 பவுண்டு என்றால் 1,300 கிலோ. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய முதுகு இதற்கு ஒத்துக்கொள்ளாது.

இன்னொரு விஷயம், வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள கணக்கு. நீங்கள் எவ்வளவு இழுப்பீர்கள் என்று தெரிய, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளந்து, வருகிற அங்குலத்தை இரண்டரையால் வகுத்துக்கொள்ளுங்கள். 65 அங்குலம் வந்தால் உங்கள் இழுப்பு 26. அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு குறையும் என்பதால், 24 என்று எழுதிய வில் உங்கள் கையில் 20தான்.

பிரித்து மாட்டும் வில்லை ஏன் சொல்கிறேன் என்றால், நடுவில் கைப்பிடிக் கட்டை, மேலும் கீழும் லிம்ப் என்கிற இரண்டு பட்டை, மொத்தம் மூன்று துண்டு. ஆறு மாதம் கழித்துக் கை தேறியதும் கூடுதல் பவுண்டு லிம்ப் மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், கட்டை அதேதான். ஒரே துண்டாக வரும் மூங்கில் வில்லில் இந்த வசதி கிடையாது. அதற்காக மூங்கிலைக் குறைத்துச் சொல்லவில்லை, வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரி மூங்கில் வில்லில்தான் ஆரம்பித்தார், நம் நாட்டில் இந்தியன் ரவுண்ட் என்று அதற்குத் தனிப் போட்டிப் பிரிவே இருக்கிறது. காம்பவுண்ட் வில்லில் சக்கரங்கள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், குறி பார்க்கச் சுகம், ஆனால் விலை எகிறும், நாண் மாற்றவே தனிக் கருவி வேண்டும். முதல் வில்லுக்கு வேண்டாம்.

சரி, துப்பாக்கி மாதிரிக் கட்டையில் குறுக்கே வில் பொருத்திய கிராஸ்போ? விசையை அழுத்தினால் போதுமே, பழகுவது சுலபமாச்சே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சுலபம்தான். ஆனால் அதில் நாண் நகரும் தூரம் குறைவு, அந்தக் குறையை ஈடுகட்ட 150 பவுண்டு, அதற்கு மேலும் வைக்கிறார்கள். சாதாரண வில்லுக்கு இலக்காக வைக்கும் ஃபோம் பலகை அதற்குத் தாங்காது. கட்டைவிரல் நாண் ஓடும் பாதைக்கு மேலே தெரியாமல் நீட்டிக்கொண்டிருந்தால் விரல் போச்சு. பெரும்பாலான கிராஸ்போவில் நாண் ஏற்றிவிட்டால் எய்துதான் இறக்க முடியும். வாங்கித்தான் ஆவேன் என்றால் முதலில் உங்கள் ஊரில் சட்டம் அனுமதிக்கிறதா, நீங்கள் போகும் மைதானத்தில் விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு காசை எடுங்கள்.

அப்புறம் கண். இப்போதே, உட்கார்ந்த இடத்திலேயே பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகள் வெளிப்பக்கம் பார்க்கக் கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வைத்து, அதன் வழியாக இரண்டு கண்ணாலும் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இடது கண்ணை மூடுங்கள். கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே இருந்தால் உங்களுக்கு வலது கண் ஓங்கியது, வலதுகை வில் வாங்குங்கள், அதாவது இடது கையில் பிடித்து வலது கையால் இழுப்பது. கடிகாரம் காணாமல் போனால் இடது கண் ஓங்கியது. அப்படியானால், சோறு உண்பது வலது கையிலாக இருந்தாலும், இடதுகை வில்லையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள், தயவுசெய்து.

கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் வில்லுக்குப் போகக் கூடாது. மீதி அம்புக்கும், முழங்கைக்குக் கீழே கட்டும் உறைக்கும், விரல் தோலைக் காக்க மாட்டிக்கொள்ளும் ‘ஃபிங்கர் டேப்’ என்கிற சின்னத் துண்டுக்கும், நாண் ஏற்றும் கயிற்றுக்கும் வேண்டும். அந்தக் கயிறு விலை அதிகமில்லை, ஆனால் அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று காலுக்கிடையில் வில்லை வளைத்து நாண் மாட்டினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். உறையை நான் முதல் நாள் கட்டவில்லை, நாண் உரசிய இடம் கத்திரிக்காய் நிறத்தில் பத்து நாள் இருந்தது. அம்பே இல்லாமல் நாணை இழுத்து விட்டுப் பார்க்கிற விளையாட்டும் வேண்டாம், அந்த வேகம் முழுக்க லிம்புக்குள்ளேயே திரும்பி அதைப் பிளந்துவிடும்.

அம்பு உங்கள் இழுப்பைவிட ஓரிரு அங்குலம் நீளமாக இருக்கட்டும். விறைப்பு வில்லின் பவுண்டோடு பொருந்த வேண்டும், கார்பன் அம்பில் அச்சிட்டிருக்கும் விறைப்பு எண் குறையக் குறைய அம்பு விறைப்பானது. கார்பன் அம்பு வாங்கினால், ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்துக் காதருகில் வையுங்கள். நொறுக் என்று சின்னச் சத்தம் கேட்டாலும் அதை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் அம்புகளோடு அன்றைக்குப் பழகுங்கள்.